அம்மாவின் கடைசி மாதங்களில் யாரும் எனக்குச் சொல்லாதவை

அம்மா கணையப் புற்றுநோயில் தவறி ஒரு வருடத் திதியும் கொடுத்தாகிவிட்டது. இந்த ஒரு வருடத்தில் மலேசியாவில், பேராக்கிலுள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திலேயே சில குடும்பங்கள் என்னைத் தேடிப் பேசியிருக்கின்றன. "உங்கம்மாவுக்கு வந்த மாதிரியேதான் எங்க வீட்லயும்கா, என்னா செய்றதுன்னே தெரியல" என்று தொடங்குவார்கள். போனில் ஒரு மணி நேரம் பேசினாலும் பாதிதான் சொல்ல முடிகிறது. இதையெல்லாம் நான் தட்டுத் தடுமாறித் தனியாக நின்று கற்றுக்கொண்டேன். இனி குணமாகாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே யாராவது என்னை உட்காரவைத்து இவ்வளவையும் சொல்லியிருந்தால், அம்மா பட்ட வலியில் பாதியாவது குறைந்திருக்கும். கையில் கொஞ்சம் காசும் மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். மகாத்மா காந்தி கலாசாலையில் கொஞ்ச காலம் படித்தார், பிறகு தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். சின்ன வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவர், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் மருந்தடிக்கவும் உதிரிப் பழம் பொறுக்கவும் போனார். காய்ச்சலோடு வேலைக்குப் போன நாளெல்லாம் உண்டு. அப்பா போன பிறகு டவுன் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டில் அம்மாவும் நானும்தான். தம்பி சிங்கப்பூரில் வேலை, குடும்பம் ஜொகூர் பாருவில். நான் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். கல்யாணம் ஆகாதவள் என்பதால் அம்மாவைப் பார்ப்பது என் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது.

66 வயதில் அம்மாவுக்குத் திடீரென்று சர்க்கரை ஏறியது. அதுவரை இல்லாத சர்க்கரை. உடம்பும் இளைத்தது. சாப்பாட்டைக் குறைத்ததால்தான் என்று நினைத்துக்கொண்டோம். அப்புறம் கண் மஞ்சளானது. காமாலை என்றால் நம் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கீழாநெல்லிதானே? மாமா ஒரு தோட்டத்தில் காமாலைக்குப் பார்க்கிறவரிடம் கூட்டிப்போனார். தினமும் விடிகாலையில் அரைத்துக் குடித்து, உப்பில்லாமல் பத்தியம் இருந்தார். மஞ்சள் கூடிக்கொண்டே போனது. ராத்திரியெல்லாம் அரிப்பு, உள்ளங்கை உள்ளங்காலெல்லாம் சொறிந்து ரத்தம். சிறுநீர் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போனது, மலமோ வெளுத்துப்போய் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பித்தக்குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அடைப்பை எந்த இலையும் திறக்காது. வயதானவருக்குக் காய்ச்சல் இல்லாமல் காமாலை, அரிப்பு, வெளுத்த மலம், புதிதாகச் சர்க்கரை, காரணமில்லாமல் எடை குறைவு, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குப் போங்கள். அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளிக்கு 1 ரிங்கிட், ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். நமக்குத் தடை காசு இல்லை, தயக்கம்தான்.

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது, அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு பித்தக்குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கிற ஸ்டெண்ட் என்ற சின்னக் குழாயை வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது, அரிப்பு நின்றது, அம்மா தூங்கினார். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்டெண்ட் கட்டியைக் குணமாக்காது, ஆனால் இருக்கிற நாளை இருக்கிற மாதிரி வாழவிடும். பிறகு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, மஞ்சள் திரும்பினாலோ ஸ்டெண்ட் அடைத்திருக்கும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வார்டில் டாக்டர் மலாயில் பேசினார். நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே மாமாவும் தம்பியும் முடிவு செய்துவிட்டார்கள், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று. "சொன்னா அன்னைக்கே விழுந்துரும்மா, மனசு ஒடஞ்சிரும்" என்றார் மாமா. நான் வேண்டாம் என்றேன், எடுபடவில்லை. தம்பி போனில் அழுதான். டாக்டர் ஒன்று சொல்ல, நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வேறொன்று சொல்ல, அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். பித்தப்பையில் கல், கரைந்துவிடும் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கனமான ஒரு வாக்கியத்தை நான் சுமந்ததில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு நாடகம். வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். முன்னால் சிரித்துப் பேசுவார்கள், சமையலறைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால் அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் யாருமே அவரைக் கேட்கவில்லை. கேட்டால் உண்மை வந்துவிடும். நோயைக் காட்டிலும் இந்த மௌனம்தான் என்னை அரித்தது.

பணம் எப்படிப் போனது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். தம்பிக்கு மனசு கேட்கவில்லை, ஒரு தனியார் மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேட்போம் என்றான். அங்கே முன்பணம், மறுபடியும் ஸ்கேன், ஒரு சுற்று கீமோ, அதன் பின்விளைவில் வார்டில் கிடந்தது எல்லாம் சேர்த்து 14,000 ரிங்கிட்டுக்கு மேல். அந்தக் கீமோவால் எவ்வளவு காலம் கூடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. டவுனில் பழக்கமான ஒருவர் புற்றுநோய்க்கென்று ஒரு பவுடர் கொண்டுவந்தார், பெட்டி பெட்டியாக வாங்கி 4,000 ரிங்கிட் போனது. செய்வினை என்று ஒரு சாமி பார்க்கிறவர் சொன்னதற்குப் பரிகாரம் 900. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. என் வருடாந்திர விடுமுறை தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். தாயைப் பார்த்துக்கொள்ள என்று நம் வேலைச் சட்டத்தில் தனியாக விடுப்பு கிடையாது, முதலாளி மனசு வைத்தால் உண்டு. இதற்காகவே மேலாளரிடம் முதல் வாரத்திலேயே நிலைமையைச் சொல்லி எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

கீமோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது மாதங்களைக் கூட்டும், வலியையும் குறைக்கும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: இதனால் குணமாகுமா, நாள் கூடுமா? கூடினால் ஏறத்தாழ எவ்வளவு? அந்த நாள்களில் அவர் எழுந்து நடப்பாரா, ஆஸ்பத்திரியிலேயே கிடப்பாரா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பணத்துக்குத் தவிக்கிறவர்கள் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியையும் விசாரியுங்கள். பட்டியலில் உள்ள கடும் நோய்களின் மருத்துவச் செலவுக்குத் தாய் தகப்பனுக்காகப் பிள்ளைகள் தங்கள் கணக்கிலிருந்து எடுக்க வழி உண்டு. 2024 மே மாதத்திலிருந்து அது ஈபிஎஃப்பில் செஜாத்ரா என்ற பிரிவுக் கணக்கிலிருந்து வரும். வளையல் அடகுக்குப் போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

கீமோ நின்ற பிறகு வலி வந்தது. கணைய வலி முதுகுக்குப் பாயும். படுக்க முடியாது, குனிந்து தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்கும். அம்மா விடிய விடிய அப்படியே உட்கார்ந்திருப்பார். நான் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். "நீ போய்ப் படும்மா, காலைல வேலைக்குப் போகணும்ல" என்பார். நான் விடுப்பில் இருப்பதைக்கூட மறந்துபோயிருந்தார். ஆஸ்பத்திரியில் மார்பின் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். மாமா பாட்டிலைப் பார்த்ததும், "இது கஞ்சா மாதிரி. இத குடுத்தா அவ்வளவுதான், ஆள முடிச்சிரும்" என்றார். பாட்டில் குளிர்சாதனப் பெட்டி மேல் அப்படியே இருந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பனடோலோடு கிடந்தார்.

அந்த நேரத்தில்தான் ஒரு மிஸி, அதாவது தாதி, எங்கள் வீட்டுக்குள் வந்தார். வார்டில் எங்களைப் பார்த்த ஓர் இளம் டாக்டர், வீட்டுக்கே வந்து பார்க்கிற ஹோஸ்பிஸ் குழுவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அங்கிருந்து வந்த மிஸி சீனத்தி, எங்கள் அம்மா வயதிருக்கும், சரளமான மலாய். முதலில் அம்மாவிடம் எங்கே வலி, எப்போது வலி, பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். அதுவரை யாரும் அம்மாவைக் கேட்காத கேள்வி அது. பிறகு எங்களை உட்காரவைத்து மார்பினைப் பற்றிச் சொன்னார். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பயந்து பயந்தே வலியில் விடுகிறார்கள்.

வலிக்குத் தகுந்த அளவில் டாக்டர் சொன்னபடி கொடுத்தால் மார்பின் ஆளைக் கொல்லாது, நாளைக் குறைக்காது. போதை அடிமைத்தனமும் வேறு, வலிக்கு மருந்து சாப்பிடுவதும் வேறு. சிரப் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும், அதனால் வலி வந்த பிறகு கொடுக்கக் கூடாது, நேரம் தவறாமல் வலி வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். நடுவில் வலி எட்டிப் பார்த்தால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் சில நாள்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதற்கான மருந்தை மார்பின் தொடங்கிய அன்றே தொடங்க வேண்டும். விழுங்க முடியாதபோது தோலில் ஒட்டுகிற மருந்து உண்டு, தோலுக்குக் கீழே மெல்ல ஏற்றுகிற சிறிய பம்பும் உண்டு. ஆளே எழுப்ப முடியாத மாதிரி மயங்கினாலோ மூச்சு மிகவும் மெதுவானாலோ உடனே கூப்பிட வேண்டும். நான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் நேரமும் அளவும் வலி எத்தனை என்பதும் எழுதி வைத்தேன். மிஸி வரும்போதெல்லாம் முதலில் அந்த நோட்டைத்தான் எடுப்பார். மருந்து தொடங்கிய இரண்டாம் ராத்திரி அம்மா ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினார். மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

"ஏன் இவ்வளவு லேட்டா கூப்பிட்டீங்க?" என்று மிஸி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஹோஸ்பிஸ் என்றால் கடைசி ரெண்டு நாளுக்கு, டாக்டர்கள் கைவிட்ட பிறகு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. சிகிச்சை நடக்கும்போதே, நோய் தெரிந்த வாரத்திலேயே அவர்களைக் கேட்கலாம். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2010இல் வந்தது. தொடக்கத்திலேயே இந்தப் பராமரிப்பு கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசி நேரத்துக் கடும் சிகிச்சையும் குறைந்தது, அப்படியிருந்தும் அவர்கள்தான் கூடுதல் நாள் இருந்தார்கள். நடுத்தரமாக 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். நம் நாட்டில் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இலவசமாக வீடு தேடிப் போய்ப் பார்க்கிறது. ஈப்போ, பினாங்கு பக்கமும் தொண்டுச் சங்கங்கள் இருக்கின்றன. சுகாதார அமைச்சும் 2019இல் இதற்கென்று தேசியக் கொள்கை வெளியிட்டது. ஆனால் தோட்டப்புறத்துக்காரர்களுக்கு இது தானாக வந்து சேராது. 'பாலியேட்டிவ்', அதாவது வலியையும் அவதியையும் குறைக்கிற பராமரிப்பு, என்ற சொல்லை நீங்களே டாக்டரிடம் சொல்லி, பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் ஊர் அவர்கள் போகிற தூரத்துக்குள் இல்லை என்றால், போனில் ஆலோசனை கிடைக்குமா, பக்கத்து கிளினிக்கிலிருந்து தாதி வர முடியுமா என்று கேளுங்கள். கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி இரவலாகக் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். நான் காசு கொடுத்து வாங்கிய சக்கர நாற்காலி சும்மா நின்றது.

வலி அடங்கிய பிறகுதான் அம்மா பேசினார். ஒரு நாள் மத்தியானம், அலமாரி மேல் இருந்த பழைய பிஸ்கட் டின்னை எடுக்கச் சொன்னார். மடியில் வைத்து மூடியை நகத்தால் நெம்பினார். வலது கட்டைவிரலில் பால்வெட்டுக் கத்தி கிழித்த பழைய தழும்பு உண்டு, அந்த விரலால் ஒவ்வொரு காகிதமாகத் தள்ளித் தள்ளி எடுத்தார். தாத்தா சேர்ந்திருந்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்குத் தாள், மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. ஈபிஎஃப் தாள்கள். கூட்டு, அதாவது சீட்டுப் பணக் கணக்கு எழுதிய சின்ன நோட்டு. அப்பாவோடு ஈப்போவில் ஸ்டுடியோவில் எடுத்த படம். எல்லாவற்றையும் மெத்தையில் பரப்பிவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. வார்டுலயே தெரியும். டாக்டர் மலாய்ல சொன்னது எனக்கு வெளங்காதா? முப்பது வருசம் மலாய்க்காரங்களோட வேல செஞ்சவ. நீங்கள்லாம் பயந்துக்குவீங்கன்னுதான் ஒன்னும் கேக்கல."

எங்களுக்காக அவரும் நடித்திருக்கிறார். நாங்கள் அழுதோம், இரண்டு பேரும் சேர்ந்து, நோய் தெரிந்த பிறகு முதல் தடவையாக. அப்புறம் அம்மா விரல் விட்டு எண்ணி வேலைகளைச் சொன்னார். கூட்டில் இன்னும் கட்ட வேண்டிய பணம் இருக்கிறது, அதை முடித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் சாகக் கூடாது, மூக்கில் தொண்டையில் குழாய் வேண்டாம். பட்டுப் புடவை வேண்டாம், பச்சை நூல் புடவை போதும். தம்பி கடன் வாங்கிப் பெரிதாகச் சாவு எடுக்கக் கூடாது. கடைசியாக, "உங்க சின்னம்மாவ ஒரு தடவ வரச் சொல்லு." நிலத் தகராறில் பேச்சு நின்றுபோன தங்கை. சின்னம்மா பாகான் செராயிலிருந்து வந்தார். வாசல்வரை விம்மிக்கொண்டு வந்தவர், உள்ளே வந்ததும் எண்ணெய் எங்கே என்று கேட்டு எடுத்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டார். அந்தப் பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பேச்சு நோய் தெரிந்த முதல் மாதத்திலேயே நடந்திருந்தால் அம்மா எழுந்து நடமாடுகிற காலத்திலேயே பாகான் செராய் போய் வந்திருப்பார்.

ஆகவே மறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்பதில்லை. "உங்களுக்கு என்னான்னு நீங்க நெனைக்கிறீங்க? எவ்வளவு தெரிஞ்சிக்க விருப்பம்?" என்று அவரைக் கேட்டுவிட்டு, அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லலாம். சிலர் தெரிய வேண்டாம் என்பார்கள், அதுவும் அவர்கள் முடிவுதான். கோபப்படுவார்கள், ஒரு நாள் நம்புவார்கள், மறுநாள் நம்ப மாட்டார்கள், கோயில் திருவிழாவுக்குப் போவதைப் பற்றித் திட்டம் போடுவார்கள். திருத்தாமல் கூடவே இருங்கள். குழாய், நெஞ்சை அழுத்துவது போன்றவை வேண்டாம் என்றால் டாக்டரிடம் சொல்லிக் கோப்பில் எழுதவையுங்கள், வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும்.

காகித வேலைகளை அவர் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இதைச் சொன்னால் சொத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று பேசுவார்கள், என்னையும் பேசினார்கள். அம்மாவின் ஈபிஎஃப்பில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தது, வாரிசாக அப்பாவின் பெயர்! அப்பா போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அம்மா கைரேகை வைக்கும் நிலையில் இருந்ததால் மாற்ற முடிந்தது. தனிப்பெயரில் இருக்கிற வங்கிக் கணக்கு, ஆள் இறந்தது வங்கிக்குத் தெரிந்ததும் முடங்கிவிடும், சாவுச் செலவுக்கு அந்தக் காசு உதவாது. கையில் ரொக்கமாக ஒரு தொகை வைத்திருங்கள். வீட்டு கிரான் (உரிமைப் பத்திரம்) யார் பெயரில், காப்புறுதி உண்டா, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) உண்டா, பங்குத் தாள்களுக்கு வாரிசு யார் என்று கேட்டு எழுதுங்கள். உயில் எழுத அமானா ராயா என்கிற அரசாங்க அறங்காவல் நிறுவனத்துக்குப் போகலாம், வழக்கறிஞரிடமும் போகலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. அம்மா இரண்டு கரண்டி மைலோவுக்கு மேல் வேண்டாம் என்பார். வருகிறவர்கள், "பட்டினி போட்டே சாகடிக்கிறியா? டிரிப்பாச்சும் ஏத்தக் கூடாதா?" என்பார்கள். ஓர் அத்தை வாயைப் பிடித்துக் கஞ்சி ஊட்டியதில் புரையேறி அம்மாவுக்கு மூச்சே நின்றுவிடும் போலாகிவிட்டது. மிஸி சொன்னது இது: சாப்பிடாததால் அவர் சாகவில்லை, உடம்பு மூடிக்கொண்டு வருவதால்தான் சாப்பாடு கேட்கவில்லை. அந்த நேரத்தில் டிரிப் ஏற்றினால் பெரும்பாலும் கால் வீங்கும், நெஞ்சில் நீர் சேரும். வாய் காய்வதுதான் நிஜமான கஷ்டம். அதற்கு ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டில் களிம்பு தடவினால் போதும். உறவுகளுக்கு அன்பைக் காட்ட ஏதாவது செய்தாக வேண்டும், சோறு இல்லையென்றால் கை வெறுமையாகிவிடுகிறது. அதனால் நான் அவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கினேன். காலை நீவிவிடச் சொன்னேன், பஞ்சைக் கையில் கொடுத்தேன், தேவாரம் பாடத் தெரிந்தவரைப் பாடச் சொன்னேன். சண்டை குறைந்தது.

படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தனி ஆளால் முடியாது. "ஏதாச்சும் வேணும்னா சொல்லு" என்பவர்களிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள்: செவ்வாய் ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை நீங்கள் இருங்கள், நான் தூங்கணும். பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் அப்படிக் கேட்டேன், கடைசிவரை தவறாமல் வந்தார். தம்பி பணம் அனுப்பியே சமாளித்தான். கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவன் வந்து பத்து நாள் தங்கியபோது, அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது அவன்தான். தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் கடைசி நாளுக்குக் கூப்பிடாதீர்கள், பேச முடிகிற காலத்தில் கூப்பிடுங்கள்.

கடைசி நாள்கள் எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பயம் பாதியாகும். அம்மா பெரும்பாலும் தூங்கினார். ஆளில்லாத மூலையைப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டார். இது பலருக்கும் நடக்கும், பேய் பிசாசு ஒன்றுமில்லை, மறுத்துப் பேச வேண்டாம். கைகால் குளிர்ந்து, முட்டியில் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்தது. மூச்சு வேகமாகும், பிறகு நிற்கும், நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம், மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது. கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை, நினைவில்லாமல் கிடக்கிறவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது என்றார் மிஸி. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், மருந்தும் உண்டு. இந்தச் சத்தம் கேட்டுப் பயந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, வேண்டாம் என்றவரை ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் சாகவிட்ட குடும்பங்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் மாமா போனை எடுத்துவிட்டார். சின்னம்மாதான் கையைப் பிடித்து, "அக்கா வேணாம்னு சொல்லிருக்கு" என்றார். காது கடைசிவரை கேட்கலாம் என்பதால் நான் அம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தேன், கூட்டு கட்டி முடித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். விடிவதற்குள் மூச்சு நின்றது.

வீட்டில் சாவு நடந்தால் அடுத்து என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தாதியிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். யாரை முதலில் கூப்பிடுவது, காவல் நிலையத்துக்கு என்ன கொண்டுபோவது, அடக்க அனுமதி எங்கே வாங்குவது, இதெல்லாம் அழுதுகொண்டே யோசிக்கிற விஷயமில்லை. எங்களிடம் அம்மாவின் ஐசியும் (அடையாள அட்டை) என்ன நோய் என்று எழுதிய ஆஸ்பத்திரிக் கடிதமும் ஓர் உறையில் தயாராக இருந்தன, மாமா பையன் எடுத்துக்கொண்டு போனான், தகராறு ஏதும் வரவில்லை. இறப்புப் பத்திரத்தில் கூடுதல் பிரதிகள் எடுத்துச் சான்றளித்து வையுங்கள், வங்கி, ஈபிஎஃப், காப்புறுதி என்று எல்லாரும் கேட்பார்கள். சாவு எடுப்பவர்களிடம் முன்னாலேயே விலை கேட்கலாம், தப்பில்லை. பெட்டி, வண்டி, மேளம், பூ, மின்சுடலைக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மா சொன்னபடி பச்சை நூல் புடவைதான் கட்டினோம். ஒரு பெரியம்மா முகம் சுளித்தார், "அம்மாவே சொன்னாங்க" என்றதும் பேசவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து எல்லாரும் போன பிறகு எனக்கு ராத்திரி நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை விழிப்பு வந்துகொண்டே இருந்தது, மருந்து நேரம். நெஞ்சு படபடக்கும். வேலைக்குப் போனால் கழிப்பறையில் போய் அழுவேன். இது சில மாதம் இருந்தது. மிஸி அம்மா போன பிறகும் ஒரு தடவை என்னைப் பார்க்கவே வந்தார், அவர்கள் வேலையில் அதுவும் சேர்ந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். கிளினிக்கில் டாக்டரிடம் தூக்கமில்லை என்று சொன்னேன், ஆலோசகரிடம் அனுப்பினார், பேசப் பேச இறங்கியது. உங்களுக்கும் அப்படி வந்தால் போய்ப் பேசுங்கள், பைத்தியம் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

மீதமிருந்த மார்பினை வீட்டில் வைக்கவில்லை, ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாரோ ஒரு வயதானவருக்கு வலி என்று அதை எடுத்துக் கொடுத்தால் ஆபத்து. இரவல் வாங்கிய காற்று மெத்தையைத் துடைத்து ஹோஸ்பிஸ் சங்கத்துக்கு அனுப்பினேன். சக்கர நாற்காலி என்னிடம் இருக்கிறது. சுங்கை சிப்புட், அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்காதீர்கள், என்னைக் கேளுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.